கேம் சந்தா கட்டலாமா, நிறுத்தலாமா? கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். செல்போன், லேப்டாப், கேம் கன்சோல் என்று வருவதைப் பழுது பார்ப்பேன்; ரீசார்ஜும் உண்டு. 2025 அக்டோபர் 1ஆம் தேதி எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் என்ற கேம் சந்தாவின் விலையை ஏற்றினார்கள். அன்றிலிருந்து மண்டபம், கீழக்கரை, தங்கச்சிமடம் என்று எங்கிருந்து யார் வந்தாலும் ஒரே சந்தேகம்தான். டிட்வா புயல் நேரத்தில் படகுகள் கரையில் கிடந்தன, கடையிலும் ஆளில்லை. அப்போது ஒரு பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தேன், அதுதான் இது.

கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். விலை எந்த மாதம் அறிவித்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பணம் கட்டும் முன் அன்றைய விலையைத் திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அண்ணே, சப்ஸ்கிரிப்ஷன்னா என்ன? காசு கட்டுனா கேமெல்லாம் நமக்குச் சொந்தமாயிருமா?

ஆகாது. கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கிறோமே, அது மாதிரி. அண்டா, தவலை, கரண்டி எல்லாம் வீட்டுக்கு வரும். விசேஷம் முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்களில் எதை வேண்டுமானாலும் இறக்கி ஆடலாம். கட்டுவதை நிறுத்தினால், இறக்கி வைத்த கேம் ஹார்டு டிஸ்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், ஆனால் திறக்காது.

இந்த வாடகைப் பாத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்களில் இதற்கே திரும்பி வருவேன்.

எத்தனை வகை இருக்கு? நம்ம பக்கம் எதெது ஓடும்?

என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் பார்ப்பது நான்கு. முதலாவது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ், 2017 ஜூனில் தொடங்கியது. இப்போது அதில் எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் என்று மூன்று படிகள். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக பிசி கேம் பாஸ். அடுத்தது சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ். 2010இல் வந்தது, 2022 ஜூனில் அதையும் எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் என்று பிரித்தார்கள். போனுக்கு கூகுள் பிளே பாஸும் ஆப்பிள் ஆர்கேடும். இரண்டும் இந்தியாவில் மாதம் 99 ரூபாய்க்கு வந்தவை.

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர் இந்தக் கரையில் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர், அதுவும் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அவருக்கு நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆட இதெல்லாம் வேணுமா?

வேண்டாம். இலவசம். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

அப்படி எவ்வளவுதான் ஏத்திருக்கான்?

கேம் பாஸ் அல்டிமேட் 2024 ஜூலை வரை மாதம் 549 ரூபாய். அந்த மாதம் 829 ஆனது. 2025 அக்டோபரில் 1,389 ஆனது. பதினைந்து மாதத்தில் இரண்டரை மடங்கு. பிசி கேம் பாஸ் 449இலிருந்து ஒரே தாவலில் 939. கீழ்ப்படிகளுக்குப் பெயரை மாற்றி எசென்ஷியல் 499, பிரீமியம் 699 என்று வைத்தார்கள். அமெரிக்காவில் அல்டிமேட் 19.99 டாலரிலிருந்து 29.99 ஆனது, அதாவது ஒன்றுக்கு ஒன்றரை. நமக்கு அதைவிடக் கூடுதல் விகிதம்.

பிளேஸ்டேஷன் பிளஸில் 2023 செப்டம்பரில் ஆண்டுச் சந்தாவை ஏற்றினார்கள். எசென்ஷியல் 2,999இலிருந்து 3,949, எக்ஸ்ட்ரா 4,999இலிருந்து 6,699, டீலக்ஸ் 5,749இலிருந்து 7,609. அப்போது இவ்வளவு சத்தம் எழவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கட்டுகிறவருக்கு அந்த ஒரு நாள்தான் வலிக்கும்.

ஆள் சேர்ந்தாச்சு, இனி எங்க போவாங்கன்னுதானே ஏத்துறான்?

அதுவும் உண்டு, அது மட்டும் இல்லை. 2024 பிப்ரவரியில் கேம் பாஸுக்கு 3 கோடியே 40 லட்சம் சந்தாதாரர்கள் இருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் ஆக்டிவிஷன் பிளிசார்டு நிறுவனத்தை வாங்கி முடித்திருந்தார்கள். 2022இல் அறிவித்த விலை 6,870 கோடி டாலர். அந்த நிறுவனத்தின் கால் ஆஃப் டியூட்டி, ஆண்டுதோறும் 70 டாலருக்குக் கோடிக்கணக்கில் விற்கிற சரக்கு. 2024 அக்டோபரில் அதன் புதிய பாகத்தை வெளியான அன்றே கேம் பாஸில் வைத்தார்கள். 70 டாலர் கொடுத்து வாங்கியிருக்க வேண்டியவர் ஒரு மாதச் சந்தாவில் முடித்துவிட்டுப் போனால் அந்த ஓட்டையை எங்கிருந்தாவது அடைக்கத்தானே வேண்டும்.

அத்தோடு அல்டிமேட்டில் இஏ பிளே, யுபிசாஃப்ட் பிளஸ் கிளாசிக்ஸ், ஃபோர்ட்நைட் க்ரூ என்று வேறு சந்தாக்களையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் மலிவுதான். ஆனால் விளைமீன் கேட்டவர் தலையில் ஒரு கூறு காரலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, மொத்த எடைக்கு இது சல்லிசு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஃபோர்ட்நைட் ஆடாத ஆளுக்கு அது காரல்கூட இல்லை. காரலையாவது கருவாடு போடலாம்.

சரி, லாபமா நட்டமா? ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணே.

ஒரு வார்த்தையில் முடியாது, ஒரு தாளில் முடியும். கடந்த ஆறு மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆடிய கேம்கள் எவை என்று எழுதுங்கள். தொட்டுப் பார்த்துவிட்டு அழித்ததை எழுதக் கூடாது. ஒவ்வொன்றின் தள்ளுபடி விலையையும் பக்கத்தில் எழுதிக் கூட்டுங்கள். முழு விலை வேண்டாம், ஏனென்றால் பழைய கேமை முழு விலைக்கு யாரும் வாங்குவதில்லை. ஆறு மாதச் சந்தாவை இன்னொரு பக்கம் எழுதுங்கள். 2025 அக்டோபர் விலையில் அல்டிமேட் என்றால் 8,334 ரூபாய். எது பெரிதோ அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் கடையில் உட்கார்ந்து இப்படி எழுதினார். இரண்டே பெயர்: ஒரு ஃபுட்பால் கேம், ஒரு கார் ரேஸ். அந்த ஃபுட்பால் வரிசை வெளியாகி ஏழெட்டு மாதம் ஆனால் பாதிக்கும் கீழே வந்துவிடும். அவர் கட்டியதில் பாதிக்குள் இரண்டையும் சொந்தமாகவே வாங்கியிருக்கலாம். இன்னொருவர் பெரியபட்டினத்துக்காரர், பொறியியல் மாணவர். ஆறு மாதத்தில் பதினொரு கேம், எல்லாம் கதை உள்ளவை, முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர். அவருக்கு இந்த விலையிலும் லாபம்தான்.

அலமாரியில் நானூறு கேம் இருக்கிறது என்பது கணக்கே இல்லை. வாடகைக்கடையில் எத்தனை அண்டா அடுக்கியிருக்கிறது என்றா பார்க்கிறோம்? நம் வீட்டுக்கு எத்தனை வந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

தடைக்காலத்துல ரெண்டு மாசம் கரையிலதான் கிடக்கேன். அப்ப மட்டும் போட்டா என்ன?

இதுதான் சரியான கேள்வி. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. மழைக்காலத்தில் இன்னும் கொஞ்ச நாள் தொழில் இருக்காது. மற்ற மாதங்களில், கடலுக்குப் போய்விட்டு வந்த உடம்பு கண்ட்ரோலரை எங்கே தொடப் போகிறது? பாதிப் பேர் வந்து படுத்தால் மறுநாள்தான் எழுகிறார்கள். ஆனால் பன்னிரண்டு மாதமும் காசு போகிறது. விசேஷம் இல்லாத மாதத்துக்கும் அண்டா வாடகை கட்டுவது அதுதான்.

ஒரு மாதத்துக்குப் போட்டு, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ ரின்யூவலைப் போட்ட அன்றே அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் கட்டிய மாதம் முழுக்க ஓடும். தடைக்காலத்துக்கு இரண்டு மாதம், 2025 அக்டோபர் விலையில் பிசி பாஸ் என்றால் 1,878 ரூபாய், அல்டிமேட் என்றால் 2,778. தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 என்று 2023இல் அறிவித்தார்கள். அல்டிமேட் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். அந்தப் பணத்தில் போடுவதானால் வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள். நான் இரண்டு பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வருஷத்துக்கு மொத்தமா கட்டுனா மலிவுங்கறாங்களே?

பிளேஸ்டேஷன் பிளஸ் எக்ஸ்ட்ராவை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,699, மாதத்துக்கு 749 என்று வைத்தால், ஒன்பது மாதம் ஆடுகிறவருக்கு ஆண்டுச் சந்தா 42 ரூபாய் லாபம். எட்டு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் மாதச் சந்தாவே மலிவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருடத்தில் ஒன்பது மாதம் ஆடினால் அவர்களுக்கு வேறு பிரச்சினை இருக்கிறது.

எம்மவன் மாசம் மாசம் ஏதோ கட்டணும்னு காசு கேக்குறான். இது அந்த ரம்மி மாதிரியா தம்பி?

இல்லை அக்கா. ரம்மி போன்றவை பணம் வைத்து ஆடுவது. தோற்றால் பணம் போகும். அப்படிப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. சந்தா என்பது கேபிள் டிவிக்குக் கட்டுவது போல. மாதம் இவ்வளவு என்று தெரியும், அதற்கு மேல் தானாகப் போகாது.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பல கேம்களுக்குள்ளேயே தனியாகக் கடை இருக்கும்: சட்டை, துப்பாக்கிக்குப் பெயின்ட், அதிர்ஷ்டப் பெட்டி என்று. சந்தாவுக்காகக் கார்டு விவரத்தைச் சேமித்து வைத்தால் பையன் அந்தக் கடையிலும் வாங்கலாம். அதனால் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்க வேண்டும். பையனையும் கன்சோலையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஐந்து நிமிட வேலை, காசு வேண்டாம். போனில் ஆடுகிற சின்னப் பிள்ளை என்றால், சந்தா போடுவதே நல்லது என்பேன். ஆப்பிள் ஆர்கேடில் விளம்பரமும் கிடையாது, உள்ளே வாங்கச் சொல்லும் தொல்லையும் கிடையாது.

நிறுத்திட்டேன்னு நெனச்சேன், மறுபடி காசு எடுத்துட்டாண்ணே. என்ன செய்ய?

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பாதிப் பேர் இதைத்தான் செய்துவிட்டு வருகிறார்கள். கணக்குக்குள் போய்ச் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பிலேயே ஆட்டோபே என்ற இடத்தில் பட்டியல் இருக்கும், அங்கேயும் நிறுத்தலாம்.

ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். எவ்வளவு, யாருக்கு என்பது அதில் இருக்கும், வேண்டாம் என்று சொல்லும் வழியும் இருக்கும். பிரச்சினை என்னவென்றால் அந்த எஸ்எம்எஸ் கடன் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்கிற நாற்பது எஸ்எம்எஸ்களுக்கு நடுவில் கிடக்கிறது.

ஒரு நாளைக்கு 2 ஜிபி நெட்டுதான் இருக்கு. ஓடுமா?

போன் கேம் ஓடும். கன்சோல், கம்ப்யூட்டர் கேம் என்றால் யோசிக்க வேண்டும். பெரிய கேம் ஒன்று சாதாரணமாக 100 ஜிபி வரும். ஒரு நாளைக்கு 2 ஜிபி வீதம் இறக்கினால் 50 நாள். தடைக்காலமே 61 நாள்தான்.

வீட்டில் நொடிக்கு 60 மெகாபிட் ஃபைபர் இருந்தால் அதே கேம் நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், கணக்குப்படி. நடப்பில் ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். ஃபைபர் இல்லாதவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்தில் ஃபைபர் உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறார்கள். ஆனால் கேம் இறங்கிவிட்டது, இனி நெட்டே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இடையிடையே இணைப்பு கேட்கும். அதற்குப் போன் ஹாட்ஸ்பாட் போதும்.

கிளவுட்ல ஆடுனா டவுன்லோடே வேண்டாமாமே?

உண்மை. கேம் வேறெங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஓடும், நமக்கு வீடியோ மட்டும் வரும். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் மூன்றிலும் உண்டு. சோனி இந்தியாவில் இதைத் தரவில்லை. அதனால்தான் மற்ற நாடுகளில் பிரீமியம் என்று இருக்கும் மேல்படி இங்கே டீலக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது.

ஆனால் டேட்டா குறையும் என்று நினைத்தால் தப்பு. நொடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி. உங்கள் 2 ஜிபி அரை மணி நேரம்கூட வராது. டவுன்லோடு ஒருமுறைச் செலவு, கிளவுட் ஆடும்போதெல்லாம் செலவு. எங்கள் பகுதியில் சாயங்காலம் இணைப்பு தடுமாறும்போது, பட்டனை அழுத்தியபின் ஆள் குதிக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. சீட்டாட்டத்துக்கும் புதிர்களுக்கும் பரவாயில்லை, சண்டைக்குச் சரிவராது. ஒரு கேம் நமக்குப் பிடிக்குமா என்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, பிடித்தால் இறக்கிக்கொள்வதற்கு இது நல்ல வழி.

காக்கா துபாயிலேருந்து பிஎஸ்5 கொண்டு வந்தாங்க. அவங்க போட்ட அக்கவுண்ட்ல நம்ம கார்டை எடுக்க மாட்டேங்குது. ஏன்?

கீழக்கரைத் தம்பிகளிடமிருந்து மாதத்துக்கு இரண்டு முறையாவது வரும் கேள்வி. காக்கா என்றால் அங்கே அண்ணன். கன்சோலில் குறை இல்லை, பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும். அக்கவுண்ட் அமீரகத்தில் தொடங்கியது, அதன் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. அந்தக் கடையில் இந்தியக் கார்டு செல்லாது.

அதே கன்சோலில் உங்கள் பெயரில் இந்திய அக்கவுண்ட் ஒன்று தொடங்குங்கள். ரூபாயில் விலை காட்டும், நம் கார்டை எடுக்கும். காக்கா வாங்கிய கேம்களும் போய்விடாது. அவருடைய அக்கவுண்ட்டில் கன்சோல் ஷேரிங்கைப் போட்டுவிட்டால் உங்கள் அக்கவுண்ட்டிலிருந்தே ஆடலாம். காக்கா ஊருக்குத் திரும்பும் முன் இதைச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அங்கே போனபின் ஓடிபிக்காகப் பாதி ராத்திரியில் போன் போட்டுத் திட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஆன்லைன்ல பாதி விலைக்கு சந்தா கோடு விக்கிறான். வாங்கலாமா?

நானே வாங்கிக் கெட்டவன். ஒரு வாடிக்கையாளருக்காக ஏதோ ஒரு விற்பனையாளரிடம் மூன்று மாதச் சந்தாவைத் திறக்கும் ரகசிய எண், அதாவது கோடு, வாங்கினேன். போட்டால் இந்த நாட்டில் செல்லாது என்று வந்தது. பணம் கேட்டதற்கு, நாடு என்னவென்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறோமே என்றார்கள். போட்டுத்தான் இருந்தது. நட்டத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

துருக்கி, அர்ஜென்டினா என்று நாடு மாற்றிப் போடலாம் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. அது நிறுவனத்தின் விதிக்கு எதிரானது. அவர்கள் அக்கவுண்ட்டை மூடினால் அதில் சொந்தமாக வாங்கியவையும் சேர்ந்து போகும். 500 ரூபாய்க்காக அந்த வம்பு வேண்டாம்.

நாலு பேர் சேர்ந்து ஒண்ணு போட்டா முடியாதா?

ஒரே வீடு, ஒரே கன்சோல் என்றால் முடியும். எக்ஸ்பாக்ஸில் சந்தா உள்ளவர் அந்தப் பெட்டியை ஹோம் எக்ஸ்பாக்ஸ் ஆக்கிவிட்டால் அதில் யார் உட்கார்ந்தாலும் ஆடலாம். பிஎஸ்5இல் மேலே சொன்ன கன்சோல் ஷேரிங்தான். பாம்பனில் நான்கு பேர் மாதம் ஆளுக்கு 350 போட்டு ஒருவர் வீட்டு மாடியில் ஆடுகிறார்கள், நல்ல ஏற்பாடு. பிளே பாஸையும் ஆர்கேடையும் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேர் வரை பகிரலாம். பிசி கேம் பாஸ் ஒரு ஆளுக்குத்தான்.

மாடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னலோரம் கன்சோலை வைக்காதீர்கள். உப்புக்காற்றில் எச்டிஎம்ஐ துளை பச்சை பிடித்துவிடும், ஃபேனில் நுண்மணல் ஏறிவிடும். சந்தாவைவிட அந்த ரிப்பேர்தான் எனக்கு வருமானம், ஆனாலும் சொல்கிறேன்.

ஜிடிஏ வேணும்னுதான் போட்டேன், திடீர்னு காணோம்னு சொல்றாங்களே? ஜிடிஏ 6 இதுல வருமா?

அலமாரியில் இருப்பதெல்லாம் நிரந்தரம் இல்லை. ஜிடிஏ 5 கேம் பாஸுக்கு 2020 ஜனவரியில் வந்து மே மாதம் போனது. 2021 ஏப்ரலில் மறுபடி வந்து ஆகஸ்டில் போனது. 2023 ஜூலையில் வந்து 2024 ஜனவரியில் போனது. அப்புறம் 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. பழைய பாம்பன் பாலத்தில் நின்ற ரயிலும் புதுப் பாலத்தில் அதே மாதம்தான் மறுபடி ஓடியது. ஒரே ஒரு கேமுக்காகச் சந்தா போடுவதானால், அது எப்போது கிளம்பும் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். கிளம்பப் போகிறவற்றின் பட்டியலை இரண்டு வாரம் முன்னதாகவே காட்டுவார்கள்.

ஜிடிஏ 6க்கு 2026 நவம்பர் 19 என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். வெளியான அன்றே சந்தாவில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். புதிய பெரிய கேமை முதல் நாளே சந்தாவில் கொடுப்பது வியாபாரத்துக்கு ஒத்துவராது என்று அதை வெளியிடும் டேக்-டூவின் தலைவர் ஸ்ட்ராஸ் ஜெல்னிக் பலமுறை சொல்லிவிட்டார். சோனியும் தன் பெரிய கேம்களை முதல் நாளில் தருவதில்லை.

நிறுத்துனா இதுவரைக்கும் ஆடுனதெல்லாம் அழிஞ்சிருமா?

அழியாது. எக்ஸ்பாக்ஸில் ஆடிய இடம் தானாகவே கிளவுடில் சேமிக்கப்படும், அதற்குச் சந்தா தேவையில்லை. பிஎஸ்5இல் கிளவுட் சேமிப்புக்குப் பிளஸ் வேண்டும். ஆனால் கன்சோலுக்குள் இருப்பது அங்கேயே இருக்கும். மறுபடி சந்தா போட்டாலோ அந்த கேமையே வாங்கினாலோ விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தடைக்காலத்துக்கு மட்டும் போடும் வழி சரிப்படுவது இதனால்தான்.

நான் பழைய 449லயே இருக்கேன். நிறுத்துனா 939 ஆயிருமே. இப்ப என்ன செய்ய?

நல்ல சிக்கல். 2025 அக்டோபர் உயர்வின்போது, ஏற்கெனவே ஆட்டோ ரின்யூவலில் இருப்பவர்களுக்குப் பழைய விலையே தொடரும் என்று சில நாடுகளுக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் சொன்னது. அதில் இந்தியாவும் ஒன்று. நிறுத்தினால் அந்தச் சலுகை போய்விடும். அப்போது, நான் மேலே சொன்ன "போட்ட அன்றே அணைத்துவிடுங்கள்" என்பது உங்களுக்குப் பொருந்துமா?

கணக்குப் போடுவோம். 449 வீதம் வருஷம் முழுக்கக் கட்டினால் 5,388. 2025 அக்டோபரில் வந்த 939 வீதம் ஐந்து மாதம் கட்டினால் 4,695, ஆறு மாதம் என்றால் 5,634. ஆகவே வருஷத்தில் ஐந்து மாதமோ அதற்குக் குறைவோ ஆடுகிறவர் பயமில்லாமல் நிறுத்தலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் பிடித்துக்கொண்டே இருங்கள். அல்டிமேட்டை 829இல் வைத்திருப்பவருக்கு அந்த எல்லை ஏழு மாதம். பழைய விலையும் நிரந்தரம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வங்கியிலிருந்து வரும் 24 மணி நேர எஸ்எம்எஸ்ஸில் தொகையைப் பாருங்கள். கார்டு காலாவதியாகிப் பணம் கட்டத் தவறினாலும் சலுகை கைவிட்டுப் போகலாம். புதுக் கார்டு வந்ததும் விவரத்தை மாற்றிவிடுங்கள்.

சந்தாவே வேண்டாம்னா வேற வழி?

நிறைய இருக்கிறது. கம்ப்யூட்டரில் எபிக் என்ற இணையக் கடை 2018 முதல் இலவச கேம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வாரம் ஒன்று என்ற கணக்கில். எடுத்துவிட்டால் உங்களுடையது. ஸ்டீம் என்ற இன்னொரு இணையக் கடையில் ரூபாய் விலை 2015இலேயே வந்துவிட்டது. கோடையிலும் டிசம்பரிலும் தள்ளுபடி விற்பனை நடக்கும். பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

டிஸ்க் போடும் பிஎஸ்5 என்றால் பழைய டிஸ்க் வாங்கி, முடித்துவிட்டு விற்றுவிடுங்கள். 2,000க்கு வாங்கி 1,500க்கு விற்றால் செலவு 500 ரூபாய்தான். டிஸ்க் துளையும் இல்லாமல், தனி டிஸ்க் டிரைவ் மாட்டவும் முடியாத டிஜிட்டல் மாடலை விலை குறைவு என்று வாங்கியவர்கள் இந்தக் கதவைத் தாங்களே அடைத்துவிட்டார்கள்.

காசு குடுத்து வாங்குனா மட்டும் சொந்தமா? கடையவே மூடிட்டா?

இதைக் கேட்டது பத்தாம் வகுப்புப் பையன். டிஜிட்டலாக வாங்குவதும் ஆடும் உரிமையைத்தான், பொருளை அல்ல. கூகுள் 2019இல் ஸ்டேடியா என்று ஒரு கிளவுட் கேம் சேவையைத் தொடங்கி 2023 ஜனவரி 18இல் மூடியது. அங்கே கேம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது கூகுளின் பெருந்தன்மை.

ஆனாலும் வித்தியாசம் உண்டு. ஃபோர்சா ஹொரைசன் 4, உரிமங்கள் முடிந்ததால் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்தும் கேம் பாஸிலிருந்தும் விலகியது. வாங்கியவர்கள் இன்னும் ஆடுகிறார்கள். சந்தாவில் மட்டும் ஆடியவர்களுக்கு அன்றோடு முடிந்தது. மறுபடி மறுபடி ஆடுவோம் என்று தெரிந்த கேமை வாங்கிவிடுங்கள், ஒருமுறை முடித்துவிட்டு மறக்கும் கேமுக்குச் சந்தா போதும்.

எல்லாம் சொல்றீங்க. நீங்க எது வச்சிருக்கீங்க?

பிசி பாஸ் வைத்திருந்தேன், 449க்கு. அந்தத் தாள் கணக்கை எனக்கே போட்டுப் பார்த்தபோது, எட்டு மாதத்துக்கு 3,592 ரூபாய் கட்டி மூன்றே கேம் ஆடியிருந்தேன். பழைய விலை கைவிட்டுப் போகும் என்று தெரிந்தேதான் நிறுத்தினேன்.

ஏப்ரல் 15க்குப் படகு கரையேறியதும் என் அக்கா மகன் மண்டபத்திலிருந்து வந்துவிடுவான். "மாமா, ஒரு மாசத்துக்குப் போடுங்க" என்பான். அந்தப் பணமும் என் தலையில்தான். போட்டுவிட்டு, ஆட்டோ ரின்யூவலை அவன் கண்முன்னே அணைத்த பிறகுதான் கண்ட்ரோலரைக் கையில் கொடுப்பேன்.